சுவரை உடைக்கும் முன் சத்தத்தைக் கேளுங்கள்

அடுக்ககங்களில் கார் நிறுத்தும் இடத்துக்கு அடுத்தபடியாகச் சண்டை மூள்வது மேல்வீட்டுச் சத்தத்தால்தான். "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்க பையன் கோலி உருட்டுறான் சார்" என்று கீழ்வீட்டுக்காரர் படியேறிப் போவார். "எங்க வீட்ல சின்னப் பசங்களே இல்லையே" என்று மேல்வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்தபடி பதில் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் மறுநாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இருவரும் பெயர் குறிப்பிடாமல் ஒருவரையொருவர் சாடிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் ஒரு தட்டு, பிறகு போகப்போகத் தேயும் சின்னச் சின்னத் தட்டுகள். கோலி விழுந்து துள்ளுவதுபோல் கேட்கும் இந்தச் சத்தத்தின் பின்னால் எப்போதும் குழாய்தான் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பகல் வெயிலில் விரிந்த கான்கிரீட் தளம் இரவில் சுருங்கும்போதும் சத்தம் வரும். ஆனால் யாரோ ஒரு குழாயை மூடிய கையோடு சத்தம் கேட்டால், சந்தேகத்தைக் குழாயின் பக்கம் திருப்பலாம். ஓடிவந்த தண்ணீர் சட்டென நிற்கும்போது உண்டாகும் அழுத்த அலை, குழாய்க்குள் முன்னும் பின்னும் மோதித் தேய்ந்து அடங்குகிறது.

வீட்டுக் குழாய் காரணமின்றிச் சத்தம் போடாது. சத்தம் எந்த நேரத்தில், எதைத் திறந்தபோது அல்லது மூடியபோது வருகிறது என்று இரண்டு நாள் கவனித்தாலே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். நம் ஊரில் அந்த இரண்டு நாள் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. ஒன்று, "பைப்புன்னா சத்தம் வரத்தான் சார் செய்யும்" என்று கட்டுமான நிறுவனம் கைவிரித்துவிடுகிறது. இல்லையென்றால், பிளம்பர் உளியோடு வந்து பாத்ரூம் டைல்ஸைப் பெயர்த்துவிடுகிறார். பெயர்த்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின், அதே நிறத்தில் டைல்ஸ் தேடி அலைவது வீட்டுக்காரரின் பாடு.

கிராமத்து ஓட்டு வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று தோன்றலாம். ஒற்றை மாடி வீட்டில், தலைக்கு மேல் மூன்று மீட்டரில் தொட்டி இருந்தவரை பிரச்சினை இல்லைதான். தண்ணீரின் உயரம் பத்து மீட்டர் என்றால், பிளம்பர்கள் கணக்கில் ஒரு கிலோ அழுத்தம். ஒற்றை மாடி வீட்டுக் குழாயில் கால் கிலோ, அரை கிலோவைத் தாண்டாது. அதுவே பத்து மாடிக் கட்டடத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தரைத்தளம்வரை ஒரே குழாய் இறங்கினால், கீழே மூன்று கிலோவுக்கு மேல் நிற்கும். மேல்மாடிக்காரருக்கு ஷவரில் தண்ணீர் போதவில்லை. கீழ்மாடிக்காரருக்குக் குழாயைத் திறந்தால் உடையெல்லாம் நனைகிறது. ஒரே தொட்டியில் இரண்டு புகார்கள். கீழ்மாடிகளுக்கு அழுத்தம் குறைக்கும் வால்வு வைத்திருந்தால் பாதிச் சத்தம் அங்கேயே அடங்கியிருக்கும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் பிளம்பிங் விதித்தொகுப்பு, 80 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் ஐந்தரை கிலோவைத் தாண்டினால் அந்த வால்வைக் கட்டாயமாக்குகிறது. விரைந்து மூடும் வால்வுகள் உள்ள இடத்தில் அதிர்வு தாங்கி பொருத்த வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு.

விரைந்து மூடும் வால்வுகளில்தான் கதையே இருக்கிறது. பழைய பித்தளைக் குழாயை மூட மூன்று, நான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். தண்ணீர் படிப்படியாகத்தான் நிற்கும். இப்போது வருபவை கால் சுற்றில் மூடும் செராமிக் டிஸ்க் குழாய்கள். வாஷிங் மெஷினுக்கு அந்தக் கால் சுற்றுகூடத் தேவையில்லை. மின்காந்த வால்வு கண் இமைக்கும் நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். இருபது மீட்டர் நீளமுள்ள அரை இஞ்ச் குழாயில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் தண்ணீர் இருக்கும். இரண்டரை கிலோ எடை, நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில் வந்து, போக வழியில்லாமல் நிற்கிறது. 'டக்' என்ற சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

இதை முறையாக அளந்து கணக்கிட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர் நிகோலாய் ஷுக்கோவ்ஸ்கி. ரஷ்ய விமானவியலின் தந்தை என்று பின்னாளில் கொண்டாடப்பட்டவர். மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் வந்த சிக்கலை ஆராய 1897, 1898 ஆண்டுகளில் அங்குள்ள நீரேற்று நிலையத்தில் நீண்ட குழாய்களைப் பதித்துச் சோதனைகள் நடத்தினார். அவர் காட்டிய கணக்கு எளிமையானது. அழுத்தம் எவ்வளவு எகிறும் என்பதை முடிவு செய்பவை, தண்ணீர் இழந்த வேகமும் அந்தக் குழாய்க்குள் அழுத்த அலை பாயும் வேகமும்தான். இரும்புக் குழாயில் அந்த அலை நொடிக்கு 1,300 மீட்டர் அளவில் பாயும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் 400 முதல் 500 மீட்டர். ஆக, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் சட்டென நின்றால், இரும்புக் குழாயில் 13 கிலோவும் பிளாஸ்டிக் குழாயில் நாலைந்து கிலோவும் கூடுதலாக எகிறும். வீட்டில் ஜி.ஐ. குழாயை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. போட்டதில் தெரியாமலேயே கிடைத்த நன்மை இது.

அந்தக் கணக்கிலேயே மருந்தும் இருக்கிறது. அலை குழாயின் மறுமுனைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வால்வு மூடிவிட்டால்தான் அடி முழுதாக விழும். இருபது மீட்டர் பிளாஸ்டிக் குழாயில் அதற்கு எடுக்கும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குதான். கைப்பிடியைப் படக்கென்று தள்ளாமல் ஒரு நொடி எடுத்து மூடினாலே அடியின் பெரும்பகுதி போய்விடும். செலவே இல்லாத வைத்தியம். மெஷினுக்கு இந்தப் பாடம் சொல்லிக்கொடுக்க முடியாது என்பதால், அதற்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக்கைக் கொஞ்சம் திருகி ஓட்டத்தைக் குறைக்கலாம். அதுவும் போதாவிட்டால் அந்த இடத்திலேயே ஓர் அதிர்வு தாங்கியை மாட்டலாம். உள்ளே அடைபட்ட காற்றும் ஒரு பிஸ்டனும் கொண்ட சிறு உருளை, அவ்வளவுதான். முடிந்தவரை வால்வுக்கு அருகில் இருக்க வேண்டும். பத்தடி தள்ளி வைத்தால் பயனில்லை.

சில பழைய கட்டடங்களில், குழாய்க்கு மேலே ஒரு முழ நீளத்துக்குக் குழாயை நீட்டி மூடி போட்டு வைத்திருப்பார்கள். அந்த முழத்துக்குள் நிற்கும் காற்று அடியை வாங்கிக்கொள்ளும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் காற்று நாளடைவில் தண்ணீரில் கரைந்து, அங்கும் தண்ணீரே நிரம்பிவிடும். பத்து வருடம் அமைதியாக இருந்த வீடு திடீரெனத் தட்டத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். தொட்டியின் வால்வை மூடி, மேலேயும் கீழேயும் உள்ள குழாய்களைத் திறந்துவிட்டுத் தண்ணீரை முழுதாக வடித்துவிட்டால் காற்று மறுபடி வந்து உட்காரும். இந்த அடியைத் தொல்லையாகப் பார்க்காமல் வேலை வாங்கிய ஆளும் உண்டு. வெப்பக்காற்றுப் பலூனுக்குப் பெயர்பெற்ற பிரான்சின் ஜோசப் மோங்கோல்ஃபியே, 1796-இல் இதே அடியின் விசையைக் கொண்டு, வேறு எந்திரமே இல்லாமல் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் பம்ப் ஒன்றை அமைத்தார்.

குழாயைத் தொடாதபோது, கீழே மோட்டார் நின்ற மறுநொடி 'டமார்' என்று கேட்டால் அது வேறு கதை. சம்பிலிருந்து மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த தண்ணீர், மோட்டார் நின்றதும் கீழே விழப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் நான்-ரிட்டர்ன் வால்வு. பல இடங்களில் மாட்டப்படுவது கதவுபோல் ஆடும் மடல் வைத்த வால்வு. தண்ணீர் திரும்பி இறங்கத் தொடங்கிய பிறகுதான் அந்த மடல் சாத்தும். சாத்தும்போது முப்பது மீட்டர் உயரத் தண்ணீரும் அதன்மேல் விழும். ஸ்பிரிங் வைத்த வால்வோ ஓட்டம் நிற்கும் தறுவாயிலேயே மூடிவிடும். வால்வை மாற்ற ஒரு பிளம்பருக்கு அரை நாள்கூட ஆகாது. அதைச் செய்யாமல் விட்டதால், தினமும் காலை ஐந்தரை மணிக்குத் தரைத்தளக் குடும்பம் முழுவதும் திடுக்கிட்டு எழும் கட்டடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

இனி, மூடும்போது இல்லாமல் ஓடும்போது வரும் சத்தங்கள்.

திறந்ததும் 'புர்... புர்' என்று துப்பிவிட்டுப் பிறகு சரியானால் காற்று. சென்னையில் விடியற்காலையில் தெருக்குழாய் சீறுவதைக் கேட்டே குடத்தை எடுத்துக்கொண்டு ஓடிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வரும் முன் குழாயில் இருந்த காற்று முதலில் வெளியேறும். மாடித் தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய நாளில் இப்படிக் கேட்டால் கவலையில்லை. தினமும் கேட்டால், மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து வெளியே வரும் குழாயில், கேட் வால்வைத் தாண்டியதும், ஒரு காற்றுக் குழாய் செங்குத்தாக மேலே போயிருக்க வேண்டும். அதன் வாய் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக, திறந்தபடி இருக்க வேண்டும். பல மாடிகளில் அது இருக்காது. இருந்தாலும், 'ஏன் திறந்து கிடக்கு' என்று யாராவது புண்ணியவான் மூடி போட்டு ஒட்டியிருப்பார்.

விடாமல் விசிலடித்தால் எங்கோ வழி குறுகியிருக்கிறது. பாதி மூடிய ஆங்கிள் காக், தேய்ந்த வாஷர், ஷவரில் அடைத்த உப்பு. போர்வெல் தண்ணீர் ஓடும் வீடுகளில் உப்புக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வால்வாகத் திறந்து மூடிப் பார்த்தால் எதைத் தொட்டதும் சுருதி மாறுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லா வால்வும் சரியாக இருந்தும் இரைச்சல் நிற்கவில்லையென்றால், குழாயின் அளவிலேயே தவறு நடந்திருக்கலாம். நிமிடத்துக்கு இருபது லிட்டர் கொட்டும் பெரிய ஷவருக்கு அரை இஞ்ச் சி.பி.வி.சி. குழாயில் தண்ணீர் கொடுத்தால், உள்ளே அது நொடிக்கு ஏறக்குறைய 2.7 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். முக்கால் இஞ்ச் குழாயாக இருந்தால் வேகம் பாதிதான். ஓட்டல் அறையில் பார்த்த ஷவரை வீட்டில் மாட்ட ஆசைப்படுபவர்கள், சுவருக்குள் போகும் குழாயின் அளவைக் கேட்பதில்லை.

எல்லாவற்றிலும் வினோதமானது 'ஊம்ம்ம்' என்று வீடெங்கும் பரவும் முனகல். தொட்டியோ ஃப்ளஷ் டேங்க்கோ நிரம்பப்போகும் நேரத்தில் தொடங்கி, நிரம்பியதும் தானாக நிற்கும். பால் வால்வின் வாய் மயிரிழை அளவுக்குத் திறந்திருக்கும் கட்டம் அது. நீர்மட்டத்தில் சின்ன அலை எழுந்தால் பந்து ஆடும். பந்து ஆடினால் வாய் திறந்து மூடும். திறந்து மூடினால் மறுபடி அலை. ஒன்றையொன்று தூண்டிவிட்டுக்கொண்டு குழாய் முழுவதையும் அதிரவைக்கும். இந்தச் சத்தம் கேட்கும்போது பந்தின் தண்டைக் கையால் பிடித்துப் பார்த்தால் போதும். சத்தம் நின்றால் நோய் தெரிந்துவிட்டது. வாஷரை மாற்றினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் வால்வையே மாற்றிவிடலாம்.

வெந்நீர்க் குழாய் தட்டுவதும் கீறுவதும் கீசர் போட்ட சில நிமிடங்களில் நடக்கும். மூன்று மீட்டர் சி.பி.வி.சி. குழாய் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்புக் குழாய் நீள்வது ஒரு மில்லிமீட்டர்தான். அழுத்த அலையில் நெகிழ்ந்து கொடுத்து நமக்கு நன்மை செய்த பிளாஸ்டிக், சூட்டில் நீண்டு பழி தீர்த்துக்கொள்கிறது. சுவருக்குள் அதைச் சிமெண்ட்டால் இறுக்கிப் பூசிவிட்டால், நீள இடமில்லாமல் திமிறித் திமிறித்தான் நகரும். சுவரைத் துளைக்கும் இடத்தில் பெரிய குழாய்த் துண்டு ஒன்றை உறையாகக் கொடுத்திருந்தால் போதும். பூச்சு வேலைக்கு முன் இதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் குழாய்.

இரவு இரண்டு மணிக்கு யாரும் தண்ணீர் தொடாதபோது பிரஷர் பம்ப் சில நொடிகள் ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடினால், அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்யக் கூடாது. எங்கோ தண்ணீர் கசிகிறது என்பதற்கு அதைவிடத் துல்லியமான அறிவிப்பு கிடையாது. பெரும்பாலும் ஏதோ ஒரு ஃப்ளஷ் டேங்க்கின் அடி வாஷர்தான். டேங்க்கில் கொஞ்சம் மஞ்சள் கரைசலை ஊற்றி, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விட்டு, பீங்கானில் நிறம் இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கசிவே இல்லாமல், பகலில் குழாயைத் திறந்தவுடன் பம்ப் நொடிக்கொருமுறை 'டக் டக்' என்று ஓடி நின்றால், பம்ப்போடு இருக்கும் அழுத்தத் தொட்டியில் காற்று இறங்கியிருக்கும். அதில் வண்டி டயரில் இருப்பதுபோலவே ஒரு காற்று வால்வு உண்டு. பம்ப்பை நிறுத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றே குறைவாகக் காற்றடிக்க வேண்டும். அதற்கு டயருக்குக் காற்றடிக்கும் பம்ப்பே போதும்.

பிரஷர் பம்ப் இன்னொரு வகையிலும் வம்பு. மேல்மாடிக்காரர் தன் ஷவருக்காக மாட்டிய பம்ப்பை மொட்டை மாடித் தளத்தில் நேரடியாக போல்ட் போட்டு இறுக்கினால், அதன் அதிர்வு தளம் வழியாக எல்லா வீட்டுக்கும் இறங்கும். அடியில் ரப்பர் மெத்தையும் இணைப்பில் நெகிழ் குழாயும் வைப்பது பெரிய செலவல்ல. நாய் வளர்க்க, ஏ.சி. மாட்ட எல்லாம் அனுமதி வாங்கச் சொல்லும் சங்கங்கள் இதையும் கட்டாயமாக்கலாம்.

இத்தனை சத்தத்தையும் பெரிதாக்குவது சுவர்தான். வீணையில் தந்தி எழுப்பும் ஒலியைக் குடம் பெருக்கிக் காட்டுவதுபோல, மெல்லிய குழாய் எழுப்பும் அதிர்வை அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் சுவர் பெருக்கி அறைக்குள் அனுப்புகிறது. நாலரை இஞ்ச் செங்கல் சுவரில் காடி வெட்டி, குழாயைப் படுக்கவைத்து, நேரே கலவை பூசி மூடுவதுதான் இங்கே வழக்கம். அந்தச் சுவரின் ஒரு பக்கம் ஒரு வீட்டுக் குளியலறை, மறுபக்கம் பக்கத்து வீட்டுக் கட்டிலின் தலைமாடு. வரைபடம் போட்ட அன்றே தூக்கம் கெட்டுப்போன இந்த வீடுகளில் பிறகு எந்தப் பிளம்பர் வந்தும் பாதிதான் தேற்ற முடியும். வெளியே தெரியும் குழாய் ஆடினால் ரப்பர் வைத்த கிளாம்ப்பை இரண்டடிக்கு ஒன்றாகப் போடலாம். சுவருக்குள் இருந்தால், ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுவரிலும் பிடியைக் காதிலும் வைத்து நகர்த்தினால் அடி விழும் இடம் ஓரளவு தெரியும். அழுத்தத்தைக் குறைத்து, வால்வுகளையும் வாஷர்களையும் மாற்றி, காற்றை வெளியேற்றி, தாங்கி மாட்டிப் பார்த்தும் அடங்காவிட்டால்தான் உளியை எடுக்க வேண்டும். அதையும் அந்த இடத்தில் மட்டும்.

கட்டும்போதே இதை ஏன் செய்வதில்லை என்று கேட்டால், செலவு கூடும் என்பார்கள். உறை, ரப்பர் கிளாம்ப், அழுத்தம் குறைக்கும் வால்வு, ஸ்பிரிங் வால்வு ஆகிய நான்கும் சேர்ந்து, வரவேற்பறைச் சுவரில் பதிக்கும் அலங்காரக் கல்லின் செலவுக்கு அருகில்கூட வராது. உண்மையான காரணம், யாரும் கேட்பதில்லை என்பதுதான். ஜெர்மனியில் டின் 4109 என்ற தரநிலை, ஒரு வீட்டுக் குழாயின் சத்தம் அடுத்த வீட்டுப் படுக்கையறையில் 30 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்கிறது. அங்கே தண்ணீர்க் குழாய்களையே எழுப்பும் சத்தத்தின் அளவுப்படி வகை பிரித்து விற்கிறார்கள். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்தன. ஆனால் அவை தெரு ஒலிபெருக்கியையும் ஜெனரேட்டரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சுவருக்குள் இருக்கும் குழாய் அந்த விதிகளின் கண்ணில் படாது. 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒலித்தடுப்புக்குத் தனிப் பகுதியே உண்டு. ஆனால் அது ஒரு மாதிரித் தொகுப்புதான். மாநிலங்கள் தம் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் அதற்குப் பல் முளைக்கும். பக்கத்து மனையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்று அளந்து பார்க்கும் அதிகாரிகள், அழுத்தம் குறைக்கும் வால்வு எங்கே என்று வரைபடத்தில் தேடினால் போதும், பில்டர்கள் தாமாகவே அதைப் போடத் தொடங்கிவிடுவார்கள். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவர்களும், கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீடுகளும் பெருகிவிட்ட நகரங்களில் இது அதிகப்படியான எதிர்பார்ப்பு அல்ல.

அதுவரை புது வீடு வாங்கியவர்கள் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 14-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவில், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வேலைப்பாட்டிலோ தரத்திலோ வசதிகளை அமைத்ததிலோ குறை தெரியவந்தால் கட்டுமான நிறுவனம் கட்டணமின்றி 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். விரிசலுக்கும் ஒழுகலுக்கும் இந்தப் பிரிவைக் காட்டுபவர்கள், குழாய்ச் சத்தத்துக்கு அதைக் காட்ட யோசிப்பதில்லை. இரவில் மோட்டார் நிற்கும்போதெல்லாம் சுவர் அதிர்ந்தால் அது வேலைப்பாட்டுக் குறை அல்லாமல் வேறென்ன? அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தேவையான ஆவணங்களையும் வரைபடங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்கும் பொறுப்பையும் நிறுவனத்தின் மேல் வைக்கிறது. சுவருக்குள் குழாய் எங்கே போகிறது என்று காட்டும் படத்தை அப்போதே கேட்டு வாங்கிவிட்டால், பிற்பாடு டிரில் போடும்போதும் உதவும்.

'குழாயில் சத்தம் வருகிறது' என்று ஒற்றை வரியில் புகார் எழுதினால், நிறுவனத்திலிருந்து ஒருவர் பகல் பதினொரு மணிக்கு வந்து, ஐந்து நிமிடம் நின்று, ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போய்விடுவார். எந்தெந்த நேரத்தில், எந்த வால்வை மூடியதும் அல்லது எந்த மோட்டார் நின்றதும், எந்த அறையில் கேட்கிறது என்று எழுத வேண்டும். கைபேசியில் ஒலியோடு எடுத்த பதிவையும், குழாயில் மாட்டும் சிறு அழுத்தமானி காட்டிய கிலோ கணக்கையும் சேர்க்க வேண்டும். கீழ்வீட்டுக்காரரும் மேல்வீட்டுக்காரரும் ஒரே புகாரில் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. மின்னஞ்சல், தபால் இரண்டிலும் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொண்டால், அந்த 30 நாள் எப்போது தொடங்கியது என்பதில் பிறகு தகராறு வராது.